‘கட்டி’ என்ற ஒற்றைச் சொல்லும் சினைப்பையின் பல உண்மைகளும்

இந்திய மொழிகள் பலவற்றில் சினைப்பையில் தோன்றும் எந்த வளர்ச்சியையும் குறிக்கப் பேச்சு வழக்கில் ஓரிரு சொற்களே உள்ளன. தமிழில் ‘கட்டி’, மலையாளத்தில் ‘முழ’, தெலுங்கில் ‘கட்ட’, கன்னடத்தில் ‘கட்டெ’, இந்தியில் ‘காண்ட்’ அல்லது ‘ரசௌலி’. மாதவிடாய்ச் சுழற்சியின் போக்கில் தோன்றி இரண்டு மூன்று மாதங்களில் தானே மறையும் நீர்ப்பையும் கட்டிதான். முடியும் பல்லும் கொண்ட டெர்மாய்டும் கட்டிதான். சினைப்பையோடு தொடர்பே இல்லாமல் கருப்பைச் சுவரில் வளரும் நார்த்திசுவும் கட்டிதான். புற்றுநோயும் கட்டிதான். மருத்துவர் இவற்றுள் எதைக் குறித்துச் சொன்னாலும், கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது கடைசிப் பொருளே.

இதை வெறும் சொற்பஞ்சம் என்று ஒதுக்கிவிட இயலாது. வெவ்வேறு நோய்நிலைகளை ஒரே சொல் மூடி மறைக்கும்போது அச்சம் பெருகுகிறது. அச்சம் பெருகிய இடத்தில் தேவையற்ற அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் எளிதில் கிடைத்துவிடுகிறது. அதே சொல் எதிர்த்திசையிலும் தீங்கு செய்கிறது. ‘சாதாரண நீர்க்கட்டிதான்’ என்று சொல்லி, பல ஆண்டு வலியையும் கவனிக்க வேண்டிய எச்சரிக்கையையும் தட்டிக்கழிக்க அது இடம் தருகிறது. ஆகவே, சினைப்பையில் வளர்ச்சி கண்டறியப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் அது எவ்வகை என்பது அவருடைய மொழியில், எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். வகை தெரிவிக்கப்படாமல் பெறப்படும் கையொப்பத்தை முழுமையான ஒப்புதல் என்று ஏற்க முடியாது.

முதலில் உறுப்பின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பாடநூல்களில் சூலகம் என்றும் அண்டகம் என்றும் வழங்கப்படும் சினைப்பை, நீர்ப்பைகளை உருவாக்குவதையே தன் மாதாந்திர வேலையாகக் கொண்ட உறுப்பு. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு நுண்பை ஏறத்தாழ 2 செ.மீ. அளவுக்கு வளர்ந்து, வெடித்து, சினைமுட்டையை வெளியிடுகிறது. எஞ்சிய பகுதி கார்ப்பஸ் லூட்டியமாக மாறிச் சில நாட்கள் ஹார்மோன் சுரந்து சுருங்கிவிடுகிறது. நுண்பை வெடிக்காமல் தொடர்ந்து வளர்ந்தாலோ, கார்ப்பஸ் லூட்டியத்தில் நீரோ குருதியோ தேங்கினாலோ அது ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று தெரிகிறது. மாதவிடாய் நிற்காத பெண்களிடம் காணப்படும் நீர்க்கட்டிகளில் பெரும்பகுதி இத்தகைய இயக்க நீர்க்கட்டிகளே. உடல் தன் வழக்கமான வேலையைச் செய்யும்போது சற்றே எல்லை கடந்ததன் தடயம் என்று இவற்றைச் சொல்லலாம்.

இவற்றைக் கையாளும் நெறி தெளிவானது. மெல்லிய சுவரும் உள்ளே தெளிந்த நீரும் மட்டுமே கொண்ட, 5 செ.மீ.க்குக் குறைவான நீர்க்கட்டி மாதவிடாய் நிற்காத பெண்ணிடம் காணப்பட்டால் அதற்குத் தொடர் கண்காணிப்பே பெரும்பாலும் வேண்டியதில்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. 5 முதல் 7 செ.மீ. வரை உள்ளவற்றுக்கு ஆண்டுக்கொரு ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது. இயக்க நீர்க்கட்டியைக் ‘கரைக்க’ எழுதித் தரப்படும் கருத்தடை மாத்திரைகளால் அது விரைவில் மறைவதில்லை என்பதைக் காக்ரேன் முறைசார் மீளாய்வு காட்டியிருக்கிறது. மாத்திரை விழுங்கிய பெண்ணுக்கும் விழுங்காத பெண்ணுக்கும் சில சுழற்சிகளில் கட்டி மறைந்துவிடுகிறது. மாத்திரைக்குக் கிடைக்கும் பாராட்டு உண்மையில் காலத்துக்கு உரியது.

இயக்க நீர்க்கட்டிகளிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை பிற புற்றல்லாத வளர்ச்சிகள். டெர்மாய்டு என்பது சினைப்பையின் முட்டை உயிரணுக்களிலிருந்து தோன்றுவது. எத்திசுவாகவும் மாறும் ஆற்றல் அந்த உயிரணுக்களுக்கு இருப்பதால் அதனுள் முடி, கொழுப்பு, குருத்தெலும்பு, சில வேளை பல் கூடக் காணப்படும். அது தானாக மறையாது, மெதுவாக வளரும். ‘சாக்லேட் நீர்க்கட்டி’ என்பது எண்டோமெட்ரியோசிஸ் நோயின் ஒரு வடிவம். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சினைப்பையில் குடியேறி, மாதந்தோறும் அங்கே குருதி கசிந்து தேங்கிப் பழுப்பு நிறக் குழம்பாவதால் அதற்கு அப்பெயர். சினைப்பையின் மேற்படலத்திலிருந்து எழும் சிஸ்டடினோமா மிகப் பெரிதாக வளரக்கூடியது. ஃபைப்ரோமா என்பது நீரே இல்லாத திண்மமான நார்த்திசு. தோற்றம், போக்கு, சிகிச்சை ஆகிய மூன்றிலும் இவை ஒன்றுக்கொன்று வேறானவை. இவற்றைக் ‘கட்டி’ என்ற ஒரே பையில் போட்டுக் கொடுப்பது, காய்ச்சல் என்று மட்டும் சொல்லி மலேரியாவா டைபாய்டா டெங்குவா என்று சொல்லாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

இங்கே ‘தீங்கற்ற கட்டி’ என்ற வழக்கும் மறுபரிசீலனைக்கு உரியது. புற்றல்ல என்பதால் தீங்கே இல்லை என்றாகிவிடாது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1809 டிசம்பரில் எஃப்ரேம் மெக்டவல் என்ற மருத்துவர், ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள சினைப்பைக் கட்டியை அகற்றினார். இரட்டைக் குழந்தைகள் என்று முதலில் கருதப்பட்ட வீக்கம் அது. மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. அந்தப் பெண் அதன்பின் 32 ஆண்டுகள் உயிர் வாழ்ந்ததிலிருந்து அது புற்றாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்று கொள்ளலாம். ஆனால் அகற்றாமல் விட்டிருந்தால் தன் பருமனாலேயே அது அவரைக் கொன்றிருக்கும். இன்றும் டெர்மாய்டு போன்றவை சினைப்பையைத் தன் காம்போடு முறுக்கிக்கொள்ளச் செய்து குருதியோட்டத்தை நிறுத்திவிடக்கூடும். திடீரென எழும் கடுமையான அடிவயிற்று வலியும் வாந்தியும் அதன் அடையாளங்கள். சில மணி நேரத் தாமதத்தில் சினைப்பையை இழக்க நேரிடலாம். எண்டோமெட்ரியோசிஸ் பெண்ணின் கல்வியையும் பணியையும் ஆண்டுக்கணக்கில் தின்றுவிடக்கூடிய வலியைத் தருகிறது. எனவே ‘தீங்கற்ற’ என்பதைவிடப் ‘புற்றல்லாத’ என்ற சொல்லே பொருத்தமானது. அது உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது. தெரியாத வாக்குறுதி எதையும் தரவில்லை.

பெயர் தவறான வழியில் இழுத்துச் சென்றதற்கு மிகச் சிறந்த சான்று பிசிஓஎஸ். சிகாகோவின் ஸ்டைன், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் 1935இல் ஏழு பெண்களின் நிலையை விவரித்தபோது சினைப்பையின் தோற்றமே முதன்மை பெற்றது. ‘பல நீர்க்கட்டிச் சினைப்பை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அங்கே கட்டி எதுவும் இல்லை. ஸ்கேனில் மாலைபோல் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்ற, சில மில்லிமீட்டர் அளவுள்ள இயல்பான நுண்பைகள். நோயின் மையம் ஆண் ஹார்மோன் மிகுதியிலும் இன்சுலின் செயல்பாட்டுக் குறைவிலும் இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2012இல் கூட்டிய நிபுணர் குழு, இப்பெயர் குழப்பத்தை விளைவிக்கிறது, மாற்ற வேண்டும் என்றே பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இந்நிலை உள்ளது.

பெயரின் விளைவு இந்திய வீடுகளில் வெளிப்படையாகத் தெரிகிறது. ‘நீர்க்கட்டி கரைய’ என்ற விளம்பரத்தோடு பொடியும் கஷாயமும் விற்பனையாகின்றன. கரைய வேண்டிய கட்டியே அங்கு இல்லை. பெண்ணின் திருமணப் பேச்சில் ‘கட்டி இருக்கிறது, குழந்தை பிறக்காது’ என்ற தீர்ப்பு எழுகிறது. முட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் சிகிச்சையால் பெரும்பாலோர் கருவுற முடியும் என்பது பேசப்படுவதில்லை. பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் குருதிச் சர்க்கரையைப் பரிசோதித்து வர வேண்டும் என்ற பயனுள்ள அறிவுரை இந்த இரைச்சலில் காணாமல் போகிறது. முதல் மாதவிடாயிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குள் உள்ள பெண்களுக்கு அல்ட்ராசவுண்டை வைத்துப் பிசிஓஎஸ் என முடிவு செய்யக் கூடாது என்று பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் நுண்பைகள் மிகுந்திருப்பது இயல்பு என்பதே காரணம். ஆயினும் பதினாறு வயது மாணவியின் கையில் ‘பல நீர்க்கட்டிகள்’ என்ற அறிக்கை தரப்படுவது அரிதான நிகழ்ச்சி அன்று.

அச்சம் அறுவை சிகிச்சையாக மாறும் இடத்தில் இச்சொற்குழப்பத்தின் விலை மிகவும் உயர்கிறது. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களிடம் நடத்தப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், சுமார் 3 விழுக்காட்டினர் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள். ஆந்திரப் பிரதேசத்திலும் தெலங்கானாவிலும் இவ்விகிதம் தேசிய அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல். பெரும்பாலான அறுவை சிகிச்சைகள் நடந்தவை தனியார் மருத்துவமனைகளில். இந்தக் கணக்கெடுப்பு காரணங்களைப் பதிவு செய்யும் விதமும் கவனிக்கத்தக்கது. கருப்பையின் நார்க்கட்டியும் நீர்க்கட்டியும் அதில் ஒரே விடைக்குறியீட்டின் கீழ் சேர்க்கப்பட்டுள்ளன. ஒன்று கருப்பையின் நோய், மற்றொன்று பெரும்பாலும் சினைப்பையின் நிலை. சினைப்பையில் உள்ள எளிய நீர்க்கட்டி கருப்பையை அகற்றுவதற்கான காரணமே அன்று. எத்தனை பெண்கள் அந்தக் காரணத்துக்காகக் கருப்பையை இழந்தார்கள் என்று கேட்டால், அரசின் மிகப் பெரிய சுகாதாரக் கணக்கெடுப்பால் விடை தர இயலாது. மக்களின் பேச்சில் உள்ள குழப்பம் ஆட்சியின் தரவிலும் அப்படியே படிந்திருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே 2019இல் நடந்த அரசு விசாரணை இதன் சமூக முகத்தைக் காட்டியது. விசாரிக்கப்பட்ட 82,000க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை அகற்றிக்கொண்டிருந்தனர். வேலைக்கு வராத நாளுக்குத் தண்டம் கட்ட வேண்டிய ஒப்பந்த முறையில், மாதவிடாய் வலியே இழப்பாகிறது. அந்த நிலையில் உள்ள பெண்ணிடம் ‘கட்டி இருக்கிறது, விட்டால் புற்றாகிவிடும்’ என்று சொல்லப்பட்டால் அவர் மறுக்க என்ன வழி இருக்கிறது? பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையற்ற கருப்பை நீக்கங்கள் நடந்ததைச் சுட்டி மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், ஒன்றிய அரசு 2022இல் உருவாக்கிய வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. கண்காணிப்புக் குழுக்கள் அமைவது நல்லதே. ஆயினும் அவை அறுவை சிகிச்சை முடிந்த பிறகே கணக்குப் பார்க்கின்றன. முடிவு எடுக்கப்படும் நாளில் பெண்ணின் கையில் இருப்பது ஒரு ஸ்கேன் அறிக்கை மட்டுமே.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. அதைப் புறந்தள்ளக் கூடாது. சினைப்பைப் புற்று பெரும்பாலும் முற்றிய நிலையில்தான் கண்டறியப்படுகிறது. ஐயமுள்ள எதையும் அகற்றிவிடுவதே பாதுகாப்பு என்பது அவ்வாதம். ஆனால் சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. அமெரிக்காவில் 78,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2011இல் முடிவு வெளியான ஆய்வில், அறிகுறி இல்லாத பெண்களைச் சிஏ-125 குருதிச் சோதனையாலும் ஸ்கேனாலும் ஆண்டுதோறும் சோதித்ததால் சினைப்பைப் புற்று மரணம் குறையவில்லை. புற்று இல்லாதபோதும் இருப்பதுபோல் சோதனை காட்டிய பெண்களில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவர்களுள் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்பட்டது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வும் 2021இல் அதே முடிவை உறுதி செய்தது. புற்றல்லாதது போன்ற தோற்றமுள்ள வளர்ச்சிகளை அகற்றாமல் கண்காணித்த ஐயோட்டா குழுவின் பன்னாட்டு ஆய்வு 2019இல் வெளிவந்தது. 1,919 பெண்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்குக் கட்டி தானே மறைந்தது. பரவும் தன்மையுள்ள புற்று கண்டறியப்படும் வாய்ப்பு 0.4 விழுக்காடு மட்டுமே.

மறுபுறம், அகற்றுவதற்கும் விலை உண்டு. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே இரு சினைப்பைகளையும் இழக்கும் பெண்ணுக்கு எலும்புத் தேய்வும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. சாக்லேட் நீர்க்கட்டியை உரித்தெடுக்கும்போது அதனோடு ஒட்டிய நல்ல திசுவும் போவதால் முட்டை இருப்பு குறைகிறது. குழந்தை வேண்டும் பெண்ணுக்கு இது சிறிய செய்தி அன்று. வயல் வேலை செய்யும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு எலும்பு பலமிழப்பது கூலி இழப்பாகவும் முடிகிறது.

சிஏ-125 சோதனை இந்தியச் சூழலில் தனியே பேசப்பட வேண்டியது. இதன் அளவு மாதவிடாய் நாட்களிலும், கருவுற்றிருக்கும்போதும், எண்டோமெட்ரியோசிஸிலும், கருப்பை நார்க்கட்டியிலும் உயரும். வயிற்றுக் காசநோயிலும் உயரும். அந்நோயில் வயிற்றில் நீரும் கோத்துக்கொள்வதால் முற்றிய சினைப்பைப் புற்று போன்ற தோற்றமே ஏற்படுகிறது. காசநோய் மிகுந்த நாட்டில், மாத்திரைகளால் குணமாகக்கூடிய பெண் புற்று என்ற ஐயத்தோடு அறுவை மேசைக்குச் செல்ல இது வழி வகுக்கிறது. மாதவிடாய் நிற்காத பெண்ணிடம் எளிய நீர்க்கட்டி என்று ஸ்கேன் தெளிவாகக் காட்டிய பிறகு இச்சோதனையே தேவையில்லை என்பது ராயல் கல்லூரியின் நிலைப்பாடு.

இவ்வளவும் சொல்வதால் எல்லாவற்றையும் பொறுத்துப் பார்க்கலாம் என்று பொருளாகாது. மாதவிடாய் நின்ற பிறகு புதிதாகத் தோன்றும் வளர்ச்சி, உள்ளே திண்மப் பகுதியோ குருதியோட்டம் மிகுந்த முளைகளோ உள்ள கட்டி, வயிற்றில் நீர் கோத்தல், நெருங்கிய உறவினருக்கு மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருத்தல் ஆகியவை உடனடிக் கவனம் கோருபவை. வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்று உப்பசத்தையும், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடும் உணர்வையும் வாய்வு என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதே வேளையில் ஐயத்துக்குரிய தோற்றம் எல்லாம் புற்றும் அன்று. ஃபைப்ரோமா சில வேளை வயிற்றிலும் நுரையீரல் உறையிலும் நீர் கோக்கச் செய்து புற்றைப் போலவே தோன்றும்; மீக்ஸ் நோய்த்தொகுதி எனப்படும் அந்நிலையில் கட்டியை அகற்றியதும் நீர் வடிந்துவிடுகிறது. அஞ்ச வேண்டியதையும் அஞ்ச வேண்டாததையும் பிரித்தறியும் வழி வகைப்பாடு ஒன்றே.

அதற்கான கருவிகள் ஏற்கெனவே உள்ளன. ஐயோட்டா குழு 2008இல் வகுத்த எளிய விதிகள், ஸ்கேனில் தெரியும் சில அடையாளங்களை வைத்தே பெரும்பாலான கட்டிகளைப் புற்றல்லாதவை, ஐயத்துக்குரியவை என்று பிரிக்க உதவுகின்றன. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் ஓ-ராட்ஸ் முறை, புற்று வாய்ப்பை ஒற்றை இலக்கத்தில் குறிக்கிறது. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒவ்வொருவரிடமும் நீண்ட விளக்கம் தர மருத்துவருக்கு நேரமில்லை என்ற வாதம் உண்மையே. ஆனால் நான்கு வரிகளுக்கு நேரம் தேவையில்லை: கட்டியின் வகை, அளவு, புற்று வாய்ப்பின் நிலை, அடுத்து என்ன செய்ய வேண்டும், எப்போது. இந்நான்கும் மாநில மொழியில் அச்சிட்ட படிவத்தில் ஸ்கேன் அறிக்கையோடு இணைக்கப்பட்டால் போதும். அதை எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்க எந்தப் பெண்ணாலும் முடியும். அறுவை சிகிச்சை நடந்தால், அகற்றிய திசுவின் ஆய்வு முடிவும் அதே மொழியில் அவரிடம் சேர வேண்டும். தன் உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்ன என்பதை அறியாமலே வாழ்நாளைக் கழிக்கும் நிலை எவருக்கும் நேரக் கூடாது.

இதில் மொழித் துறையினருக்கும் பங்கு உண்டு. மருத்துவக் கலைச்சொல்லாக்கம் என்பது ஆங்கிலச் சொல்லுக்கு நிகரான ஒரு சொல்லைக் கண்டுபிடித்து அகராதியில் சேர்ப்பதோடு முடிவதில்லை. இயக்க நீர்க்கட்டியையும் பிசிஓஎஸ் நுண்பைகளையும் ஒரே ‘நீர்க்கட்டி’யால் குறிக்கும் வரை எந்தக் கலைச்சொல் பட்டியலும் நோயாளிக்குப் பயன்படாது. ‘தானே மறையும் நீர்ப்பை’, ‘குருதி தேங்கிய கட்டி’, ‘முடி-கொழுப்புக் கட்டி’ போன்ற விளக்கச் சொற்கள் அழகில் குறைந்தவையாக இருக்கலாம். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பதை அவை கேட்பவருக்கு உணர்த்துகின்றன. மருத்துவம், மொழியியல், சமூகவியல் ஆகிய துறைகளின் ஆய்வு மாணவர்கள் இணைந்து, ஸ்கேன் அறிக்கைகள் உண்மையில் எவ்வாறு எழுதப்படுகின்றன, எவ்வாறு வாசிக்கப்படுகின்றன, எச்சொல் எம்முடிவுக்கு இட்டுச் செல்கிறது என்பதை ஆராய்ந்தால் அது ஆய்வேட்டுக்கும் பயன்படும், ஊருக்கும் பயன்படும். குடும்பநலக் கணக்கெடுப்பின் வினாப்படிவத்தில் நார்க்கட்டியையும் நீர்க்கட்டியையும் பிரித்துக் கேட்குமாறு வலியுறுத்துவது அதன் முதல் படியாக அமையலாம்.

சினைப்பையில் கட்டி என்ற செய்தி கேட்ட பெண் கேட்க வேண்டிய முதல் வினா ‘எப்போது எடுக்க வேண்டும்?’ என்பதன்று; ‘இது எந்த வகை?’ என்பதே. அந்த வினாவைக் கேட்கும் துணிவைப் பெண்ணுக்குத் தருவதும், அதற்கு அவர் மொழியில் விடை கிடைக்கச் செய்வதும் கல்வியாளர் சமூகத்தின் கடமை.